ஐந்து ஆடும் ஐந்நூறு ஆடும்

ஆடு வளர்ப்புக்குப் பொற்காலம் பிறந்துவிட்டது என்று உத்தியோகஸ்தர்கள் மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். நகரங்களில் கறிக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போகிறது. வளைகுடா நாடுகள் இந்தியாவின் ஆட்டிறைச்சியை வாங்குகின்றன. மானியம் இருக்கிறது, பாங்குக் கடன் இருக்கிறது. துணிந்து பண்ணை வையுங்கள் என்பது அவர்களுடைய உபதேசம்.

ஆட்டுக்கு எதிர்காலம் உண்டு என்பதில் நமக்கும் சந்தேகம் கிடையாது. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த எதிர்காலம் யாருடைய பட்டியில் அடைபடப் போகிறது? கொல்லிமலையில் செம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நாலைந்து வெள்ளாடுகளை வைத்து ஜீவனம் நடத்தும் பழங்குடிப் பெண்ணின் பட்டியிலா? மலையடிவாரத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்தாறு செம்மறிகளை மேய்க்கும் விவசாயத் தொழிலாளியின் பட்டியிலா? அல்லது ஐந்நூறு ஆடுகளைக் கொட்டகையில் அடைத்துத் தீனி போடப் பணம் படைத்தவரின் பண்ணையிலா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பொற்காலம் என்று பேசுவது வெறும் வாய்ப்பந்தல்.

ஏழையின் உண்டியல்

ஆடு என்பது உழைப்பாளி வீட்டில் என்ன என்பதை முதலில் பார்ப்போம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறதா, ஓர் ஆடு சந்தைக்குப் போகிறது. வீட்டில் பிரசவமா, மற்றொன்று போகிறது. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் கொல்லிமலை ஊர்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால், காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல்லுக்குப் போக வேண்டும். அந்த அவசரத்தில் கைக்குக் காசு தருவது பாங்கு அல்ல; கொட்டாயில் கட்டியிருக்கும் ஆடுதான்.

சினை ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. வட்டி கட்டாமல் வளரும் முதல் ஏழைக்கு இது ஒன்றுதான். ஆட்டை இழந்த குடும்பம் அடுத்து நிற்பது லேவாதேவிக்காரனின் வாசலில்.

மலையில் பெரும்பாலும் வெள்ளாடு. கீழே சமவெளியில் செம்மறி. மழையும் ஈரமும் மிகுந்த இடத்தில் செம்மறிக்குக் குளம்பு அழுகும், குடற்புழு ஏறும். தழை கடிக்கும் வெள்ளாடு மலைக்கு ஒத்துப்போகிறது. வறண்ட பூமிக்கு ஏற்றது மேச்சேரி இனத்துச் செம்மறி. சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் சொந்த இனம் அது. கம்பளி ரோமம் இல்லாத அந்த ஆடு கறிக்கும் பெயர் பெற்றது, தோலுக்கும் பெயர் பெற்றது. அந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆகவே இனமும் இருக்கிறது, விஞ்ஞானமும் இருக்கிறது, வளர்க்கத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. பின் எது இல்லை?

கணக்கு சொல்லும் சேதி

சர்க்கார் எடுத்த கால்நடைக் கணக்கே அதைச் சொல்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் செம்மறிகள் சுமார் 48 லட்சம்; 2019-இல் 45 லட்சம். அதே ஏழு ஆண்டுகளில் வெள்ளாடுகள் 81 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 99 லட்சமாகப் பெருகின. கறிக்குக் கிராக்கி இரண்டுக்கும் ஒன்றுதானே! ஒன்று ஏறவும் மற்றொன்று இறங்கவும் காரணம் என்ன?

சர்க்கார் இலவசமாகக் கொடுத்த ஆடுகளும் வெள்ளாட்டுக் கணக்கை ஏற்றியிருக்கும். ஆனால் மூல காரணம் தரையில் கிடக்கிறது. வெள்ளாடு வேலியோரத் தழையைத் தின்று வீட்டோடு ஒன்றிரண்டாக வளர்ந்துவிடும். செம்மறி அப்படியல்ல. அது மந்தையாக நடக்கும் பிராணி. தலை குனிந்து புல் மேயும் பிராணி. அதற்கு வெளி வேண்டும். செம்மறி குறைகிறது என்றால் ஊரின் பொதுப்புல் குறைகிறது என்று அர்த்தம்.

நமது ஊர்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கிலேயே நிலம் இருந்தது. மந்தைவெளி என்று ஊருக்கு ஊர் இடம் இருந்தது. சென்னைப் பட்டணத்தில்கூட ஒரு மந்தைவெளி உண்டு. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, பெயர் மட்டும் மிச்சம். கிராமத்திலும் அதே கதைதான். பணபலமும் செல்வாக்கும் உள்ளவர்கள் வளைத்துப் போட்டது ஒரு பங்கு. சர்க்காரே கட்டடத்துக்கும் மனைக்கும் மாற்றியது மறு பங்கு. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்குத் திருப்பிக் கொடுக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரி 28-இல் சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த உத்தரவின்படி உங்கள் ஊரில் எத்தனை ஏக்கர் மேய்ச்சல் தரை திரும்பி வந்தது? ஒவ்வொரு கிராம சபையிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

காடும் ஆடும்

மலையில் பிரச்சினை இன்னும் கடுமையானது. அங்கே மேய்ச்சல் தரை என்பது காடு. 1882-இல் வெள்ளைக்காரன் சென்னை ராஜதானிக்கு வனச் சட்டம் கொண்டுவந்தான். காடு ரிசர்வ் ஆயிற்று. அன்று வரை மேய்ந்த ஆடு அன்று முதல் குற்றவாளி ஆயிற்று. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த மனோபாவம் போகவில்லை.

பழங்குடி மக்களிடம் சர்க்கார் ஆட்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. கொல்லிமலை மக்களைப் போலவே மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர் அது. தர்மபுரி மாவட்டத்தில், 1992 ஜூன் 20-இல், சந்தனமரம் தேடுகிறோம் என்று வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த்துறையினரும் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். பெண்களின் மானத்தைச் சூறையாடியவர்கள் ஆடு மாடுகளையும் விட்டுவைக்கவில்லை. செங்கொடி இயக்கமும் மக்களும் விடாமல் போராடியதால் 2011-இல் தண்டனைத் தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நியாயம் கிடைக்க முப்பத்தோரு ஆண்டுகள்! ஆட்டை இழந்தவர்களின் ஒரு தலைமுறையே அதற்குள் கடந்துவிட்டது.

2006-இல் பார்லிமெண்ட் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. இடதுசாரிகளின் நிர்ப்பந்தம் அதன் பின்னே இருந்தது. காட்டில் ஆடு மாடு மேய்க்கும் உரிமை சமூக உரிமை என்று அந்தச் சட்டம் பச்சையாகச் சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஒரு கோர்ட் இடைக்கால உத்தரவைக் காட்டி 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது. பிறகு 2022 மார்ச்சில் தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மேய்ச்சல் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அது சுருக்கப்பட்டது. அந்தத் தடையின் பெயரைச் சொல்லி, அது பொருந்தாத காட்டிலும் ஆட்டை விரட்டுவதற்கு எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது.

வெள்ளாடு இளங்கன்றைக் கடித்துக் காட்டை அழிக்கும் என்று சொல்வார்கள். கன்றைக் கடிக்கும் என்பது உண்மைதான்; மறைக்க வேண்டியதில்லை. அதற்கு வழி ஆட்டை ஒழிப்பதல்ல. எந்தச் சரிவில் இந்த ஆண்டு மேயலாம், எந்தச் சரிவை மூன்று ஆண்டு மூடி வைக்கலாம் என்று கிராம சபை கூடித் தீர்மானிக்கட்டும். காட்டைக் காக்கும் பொறுப்பையும் அதே சட்டம் கிராம சபைக்குத்தான் கொடுத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்த மக்களுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

தோட்டத்துத் தீனியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லிமலை வயல்களில் இன்று மரவள்ளி பரவிவிட்டது. தானியம் போனதோடு தாளும் போயிற்று. மரவள்ளி இலையைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள விஷம் ஆட்டைச் சாய்த்துவிடும். நன்றாக வாட விட்டுக் காயவைத்தால் அதுவே தீனி. மிளகுக்கொடி ஏற்றக் கல்யாண முருங்கை நட்டால் கொடிக்கும் ஆதாரம், ஆட்டுக்கும் தழை. இதையெல்லாம் ஊருக்கு ஊர் வந்து செய்து காட்டும் ஆட்களை நியமிப்பதற்கு ஐந்நூறு ஆட்டுப் பண்ணையின் செலவு ஆகாது.

மானியம் யாருக்கு?

இனி மானியத்தைப் பார்ப்போம். தேசியக் கால்நடை இயக்கம் என்ற திட்டத்தை 2021-இல் மத்திய சர்க்கார் மாற்றி அமைத்தது. 500 பெட்டையும் 25 கிடாவும் கொண்ட பண்ணை வைப்பவருக்குச் செலவில் பாதி, அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் மானியம். பிறகு படிகளைக் குறைத்தார்கள். மிகச் சிறிய படி எது தெரியுமா? 100 பெட்டை, 5 கிடா. 10 லட்சம் மானியம். மீதிப் பத்து லட்சத்தைச் சொந்தமாகப் போட வேண்டும். இல்லையேல் பாங்கில் கடன் வாங்க வேண்டும். ஏழைக்குச் சிறிய படி என்று டில்லி நினைப்பது இருபது லட்ச ரூபாய்ப் பண்ணையை!

ஒரு சாதாரணக் கணக்குப் போடுவோம். ஓர் ஆட்டின் விலையை எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆட்டுக்கு நாற்பதாயிரம். ஒரு பெரிய பண்ணைக்காரருக்குக் கொடுக்கும் 50 லட்சத்தில் 125 குடும்பங்களுக்கு ஐந்தைந்து ஆடுகள் கொடுக்கலாம். மொத்தம் 625 ஆடுகள். பண்ணையிலோ 525 ஆடுகள்தான். அதுவும் மேலும் 50 லட்சம் போட்ட பிறகு. கொட்டகைக்கும் வைத்தியத்துக்கும் தீவனத்துக்கும் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயம். பாதிப் பணத்தை அதற்கே ஒதுக்குவோம். அப்போதும் அறுபதுக்கு மேற்பட்ட வீடுகளில் அடுப்பெரியும். பண்ணையிலே எரிவது ஒரே அடுப்பு. அங்கே சாணி அள்ள நாலு கூலி ஆட்கள். அந்த நாலு பேரும் நேற்றுவரை சொந்த ஆடு மேய்த்தவர்களாகவே இருப்பார்கள்.

சிறு குடும்பத்துக்குக் கொடுத்தால் பெருகாது என்பது பொய். தெலங்கானாவில் 2017-இல் மேய்ப்பர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக, 20 பெட்டையும் ஒரு கிடாவும் கொண்ட தொகுதிகளை முக்கால் பங்கு மானியத்தில் கொடுத்தார்கள். 2012-இல் சுமார் 1 கோடியே 28 லட்சமாக இருந்த செம்மறிகள் 2019-இல் 1 கோடியே 91 லட்சமாயின. அந்தத் திட்டத்திலும் பணத்தைச் சுருட்டினார்கள் என்று வழக்குகள் வந்து 2024-இல் அதிகாரிகளும் கைதானார்கள். பாடம் இரண்டு: சிறிய கைகளால் மந்தையைப் பெருக்க முடியும், கணக்கைக் கேட்க ஊர் மக்களின் கமிட்டி இல்லாவிட்டால் கழுகுகள் புகும்.

நமது மாநிலத்திலும் 2011 செப்டம்பரில் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடுகள் வீதம் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பெண்கள் பெயரில் கொடுத்தது சரியான காரியம். ஆனால் ஆட்டைக் கொடுத்த சர்க்கார் மேய்ச்சலைக் கொடுக்கவில்லை. நிலம் இல்லாதவளுக்குக் கொடுத்த ஆடு எந்த நிலத்தில் மேயும்? மிராசுதாரின் வரப்பில் வாய் வைத்தால் வசவு. காட்டில் வைத்தால் அபராதம்.

கோழி கற்பித்த பாடம்

பெரிய முதலாளி வந்தால் தொழில் வளரும், எல்லோருக்கும் நல்லது நடக்கும் என்று ஆசை காட்டுகிறவர்களுக்கு நாமக்கல்லே பதில் சொல்லும். ஒரு காலத்தில் கோழி குடிசை வாசலில் மேய்ந்தது. முட்டைக் காசு வீட்டுப் பெண்களின் கையில் புரண்டது. இன்று நாமக்கல் முட்டை நாடெங்கும் போகிறது. ஆனால் குடிசைக் கோழிக்கு அந்த வியாபாரத்தில் இடம் உண்டா? கறிக்கோழியிலோ குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, வளர்ந்த கோழியும் கம்பெனியுடையது. கொட்டகையும் கடனும் உழைப்பும் மட்டும் விவசாயியுடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி வாங்கும் அந்த விவசாயிகள், கூலி உயர்வு கேட்டுப் போராட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்கள். சொந்தக் கொட்டகையிலேயே கூலிக்காரன்! ஆட்டுக்கும் இந்தக் கதி வர வேண்டுமா?

உலகச் சரித்திரமும் இதைத்தான் கூறுகிறது. ஸ்காட்லாந்தில் சதர்லாந்து சீமாட்டி 1814 முதல் 1820 வரை சுமார் 15,000 குடியானவர்களை அவர்களுடைய பூமியிலிருந்து விரட்டி, வயல்களைச் செம்மறிப் பண்ணைகளாக்கினாள். மார்க்ஸ் தமது மூலதனம் நூலில் அந்தக் கொடுமையை எழுதிவைத்திருக்கிறார். கம்பளி விலை ஏறிய காலத்தில் ஆட்டுக்காக மனிதனை விரட்டினார்கள். நியூஸிலாந்தில் 1982-இல் ஏழு கோடி செம்மறிகள் இருந்தன. சர்க்கார் ஆதரவு 1984-இல் போயிற்று, கம்பளி விலை சரிந்தது. நிலம் பால்பண்ணைக்கும் பைன் மரத்துக்கும் மாறியது. இன்று அங்கே இரண்டரைக் கோடி செம்மறிகள்கூட இல்லை. லாபம் இருக்கும்வரை மூலதனம் ஆட்டைக் கட்டும். லாபம் வேறிடம் போனால் ஆட்டை அவிழ்த்துவிட்டுப் போகும். ஏழை அப்படிப் போக முடியாது. அவனுக்கு அது லாபக் கணக்கு அல்ல, ஜீவாதாரம்.

ஊசியும் தராசும்

மந்தையைப் பெருக்க முதலில் சாவைத் தடுக்க வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது நமது விழுப்புரம் பக்கத்து அரசூரில், 1987-இல். அந்த அரசூர்க் கிருமியிலிருந்தே தமிழ்நாட்டு விஞ்ஞானிகள் தடுப்பூசி தயாரித்தார்கள். ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும். 2030-க்குள் இந்த நோயை உலகத்தைவிட்டே ஒழிப்பது என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் குறி வைத்திருக்கிறது. மருந்து இருக்கிறது; மருந்தைக் கொட்டாய்வரை கொண்டுபோகும் கைதான் வேண்டும். 1962 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்கிறார்கள். ரோடு எட்டாத மலைக் குக்கிராமத்துக்கு வண்டி எப்படி வரும்? துள்ளுமாரி கண்ட ஆடு சில மணி நேரத்தில் சாகிறது, அதுவரை காத்திருக்காது. ஊரிலேயே படித்த இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஊசி போடவும் குடற்புழு மருந்து கொடுக்கவும் சம்பளத்தில் அமர்த்தினால் என்ன?

அடுத்தது சந்தை. இங்கேதான் பஞ்சாலைத் தொழிலாளியின் பிரச்சினையும் வந்து சேர்கிறது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவரும் கோவையில் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவரும் கறிக்கடைக்குப் போனால் கிலோ எண்ணூறு ரூபாய்க்கு மேல். மாதத்துக்கு ஒரு முறை அரைக் கிலோ வாங்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. சரி, அந்தப் பணம் ஆடு வளர்த்தவருக்கா போகிறது? மலையிலே வியாபாரி வந்து ஆட்டின் முதுகைத் தடவுகிறார், தூக்கிப் பார்க்கிறார், விலையை முடிக்கிறார். தராசு கிடையாது. இருபது கிலோ நிற்கும் கிடாவைப் பதினேழு கிலோ என்று கண் மதிப்பில் தள்ளினால் மூன்று கிலோ உயிர் எடை போயிற்று. ஒன்றரைக் கிலோ கறி போயிற்று. அவசரத்துக்கு விற்பவள் பேரம் பேச முடியுமா? பிறகு ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு கமிஷன். கடைசியில் வளர்த்தவளுக்கும் கட்டவில்லை, வாங்கியவனுக்கும் கட்டவில்லை. நடுவில் நிற்பவனுக்கு மட்டும் கட்டுகிறது.

இந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. ஆனால் இருவரையும் சுரண்டுவது ஒரே சங்கிலி. அதை அறுக்க இருவரும் ஒரே குரலில் பேச வேண்டும்.

நமது கோரிக்கைகள்

ஆடு வளர்ப்பின் எதிர்காலம் உழைப்பாளி மக்கள் கையிலேயே இருக்க வேண்டுமானால், கீழ்க்கண்டவற்றைச் சர்க்கார் உடனே செய்ய வேண்டும்:

1. மேய்க்கால் புறம்போக்கு நிலங்களை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, கிராம சபையின் பொறுப்பில் விட வேண்டும். ஏழையின் குடிசையைக் காட்டி ஆக்கிரமிப்பு என்று சொல்லி, பெரிய வேலியைத் தொடாமல் விடக் கூடாது.

2. கொல்லிமலையிலும் மற்ற மலைகளிலும் வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாக எழுத்தில் வழங்க வேண்டும்.

3. பண்ணை மானியத்தில் பெரும்பகுதியை ஐந்து முதல் இருபது ஆடுகள் வரை வளர்க்கும் குடும்பங்களுக்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒதுக்க வேண்டும்.

4. கால்நடை வளர்ப்போருக்கான கிஸான் கார்டில் ஈடு இல்லாமல் இரண்டு லட்சம் வரை கடன் கொடுக்க 2025 ஜனவரி முதல் விதி இருக்கிறது. நிலப் பத்திரம் கொண்டுவா என்று ஏழையைத் திருப்பி அனுப்பும் பாங்குகள் மீது நடவடிக்கை வேண்டும்.

5. ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற கால்நடை ஊழியர், ஆண்டுதோறும் தடுப்பூசி, சிறு வளர்ப்போரின் ஆடுகளுக்குச் சர்க்கார் செலவில் முழு இன்சூரன்ஸ்.

6. ஒவ்வொரு ஆட்டுச் சந்தையிலும் சர்க்கார் தராசு. உயிர் எடைக்கு விலை. வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் கறியை மில் தொழிலாளர் வாழும் பகுதிகளில் நேரடியாக விற்கக் கடைகள்.

இவற்றில் எதுவும் ஆகாசத்தில் கோட்டை கட்டும் கோரிக்கை அல்ல. பாதிக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மறு பாதிக்குப் பணம் ஏற்கெனவே செலவாகிறது, தவறான கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கொல்லிமலை மக்களும் சமவெளியின் விவசாயத் தொழிலாளரும் கிராம சபைகளில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். அடுத்த கிராம சபைக்கு ஊர்க் கணக்கிலுள்ள மேய்க்கால் நிலத்தின் சர்வே எண்ணைக் கையோடு கொண்டுபோகட்டும். பஞ்சாலைத் தொழிற்சங்கங்கள் கூட்டுறவுக் கறிக்கடைக் கோரிக்கையைத் தமதாக எடுத்துக்கொள்ளட்டும். மேய்ப்பவரும் நூற்பவரும் கைகோத்தால், ஐந்து ஆட்டுக்காரரை விழுங்க எந்த ஐந்நூறு ஆட்டுக்காரராலும் முடியாது.